எண்ணூற்றாறாவது வரிசை

தேடுபொறிக்காரர்கள் அனுப்பியிருந்த அறிவிப்பில் நான்கே வரிகள் இருந்தன. காலையிலிருந்து இளையவள் அதைப் பதினைந்து முறை படித்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் கோபம் அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கினாற்போலச் சுடச்சுட வந்தது. உங்கள் தளத்தை நோக்கிச் செயற்கையான இணைப்புகள் ஏராளமாக வைக்கப்பட்டிருக்கின்றன, ஆகவே உங்கள் பக்கங்களைத் தேடல் முடிவுகளில் கீழே இறக்கியிருக்கிறோம், அவற்றை அகற்றுங்கள், அகற்றிய பிறகு மறுபரிசீலனைக்கு எழுதுங்கள். திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். திட்டுவதற்குக்கூட அவர்கள் தன்னை ஓர் ஆளாக மதிக்கவில்லை என்று அவளுக்குப் பட்டது.

அவள் உட்கார்ந்திருந்த மாடி அறைக்குக் கீழே அக்காவின் பட்டறை. ஒரு கால் குட்டையானவர்கள், பாதம் திரும்பியவர்கள், விபத்தில் குதிகால் போனவர்கள் ஆகியோருக்கு அக்கா காலணி செய்கிறாள். அப்படிப்பட்டவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பதில்லை. ஊருக்கு ஒருவர், பேட்டைக்கு ஒருவர் என்று சிதறிக் கிடப்பார்கள். அவர்கள் தேடுவார்கள், தேடினால் முதல் பக்கத்தில் பட்டறையின் தளம் வரும். அந்தத் தளத்தின் ஒவ்வொரு வரியும் இளையவள் எழுதியது. வீட்டிலேயே ஒரு தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு பாதத்தை அளப்பது எப்படி என்ற பக்கத்தை மட்டும் அவள் ஒன்பது முறை திருத்தி எழுதியிருக்கிறாள்.

இப்போது அது எட்டாம் பக்கத்தில் கிடந்தது. எட்டாம் பக்கம் வரைக்கும் யார் போவார்கள்? நல்ல கால் உள்ளவர்களே போவதில்லை.

பெரிய காலணிக் கம்பெனி ஒன்று அக்காவுக்கு மாதிரி வெட்டும் வேலை தருவதாகக் கடிதம் அனுப்பியிருந்தது. முதல் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர்கள் திரும்பி வராவிட்டால் பட்டறையைப் பூட்டிவிட்டு அங்கே போய், ஒரே அளவில் ஆயிரம் ஜோடி வெட்ட வேண்டியதுதான். கடிதம் கீழே தையல் மேஜையில், கத்திரிக்கோலுக்கு அடியில் இருந்தது. அதைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததுதான் பயமாக இருந்தது.

அத்தான் கதவருகில் வந்து நின்றார். தோல் வாங்குவதும் பார்சல் அனுப்புவதும் அவர் வேலை. ஆறு மாதத்துக்கு முன்பு வளர்ச்சி ஆலோசகர் என்று ஒருவனைப் பிடித்து, அவனிடமிருந்து தொள்ளாயிரம் பேக்லிங்க்குகளை, அதாவது பிற தளங்களில் பட்டறையைச் சுட்டும் இணைப்புகளை, மொத்தமாக வாங்கியவரும் அவரேதான். எத்தனை தளங்கள் நம்மைக் கைகாட்டுகின்றனவோ அத்தனை உயரம் போவோம் என்று அவன் சொன்னானாம். அன்றிலிருந்து அத்தான் எதற்கெடுத்தாலும் "முதல் பக்கம், முதல் இடம்" என்றே பேசியதால் தையல்காரர்கள் அவருக்கு முதல்பக்கம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

"அத்தான், இதைப் படிங்க."

"பாத்தேம்மா."

"பாக்க வேண்டாம். சத்தமா படிங்க."

அத்தான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையில் இருந்ததைப் படித்தார். "உங்கள் நாயின் வயிற்றில் புழு இருந்தால் அது சோர்வாகக் காணப்படும். அப்போது குட்டைக் காலுக்குச் சிறந்த காலணி வாங்க இங்கே அழுத்தவும்."

"நாய்க்கு எத்தனை கால் அத்தான்?"

"நாலு."

"ஒரு நாய் வந்திருந்தாலே ரெண்டு ஜோடி வித்திருக்கலாம். ஒண்ணுகூட வரல."

"கிண்டல் பண்ணாத. அந்தத் தளத்துக்கு எழுபத்தெட்டு மார்க் போட்டிருக்கான். பெரிய மார்க்."

"யாரு போட்டது?"

"அவன்தான்."

"வித்தது?"

அத்தான் நின்ற இடத்திலேயே எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றிக்கொண்டார்.

அன்று தொடங்கி மூன்று நாள் இளையவள் அந்த இணைப்புகளுக்குத் தீர்ப்பு எழுதினாள். மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று. நீளமான ஒரு பட்டியல். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு தளம். பக்கத்துக் கட்டத்தில் இருக்கட்டும் அல்லது குப்பை. முதல் நாள் அவள் நேர்மையான நீதிபதியாகவே இருந்தாள். ஒவ்வொரு பக்கத்தையும் திறந்தாள். இதை நிஜமான ஒரு மனிதன் படிப்பானா, படிக்கிறவனுக்கு நம் காலணி தேவைப்படுமா, எழுதியவன் தானாக நம்மைச் சொன்னானா, சொல்ல வைத்தார்களா என்று கேட்டுக்கொண்டாள். கால் நோவு பற்றி மருத்துவர் ஒருவர் எழுதிய கட்டுரை, அளவெடுக்கும் பக்கத்தைச் சுட்டியிருந்தது. இருக்கட்டும். திரைச்சீலை வெளுக்கும் தளம் ஒன்று, தன் ஐந்நூறு பக்கங்களின் அடியிலும் பட்டறையின் பெயரை ஒட்டி வைத்திருந்தது. குப்பை. சூதாட்டத் தளம், குப்பை. ஆள் பெயரே இல்லாமல், ஒரே கட்டுரையை ஊர் மாற்றி ஊர் மாற்றிப் போட்டிருந்த நாற்பது தளங்கள், நாற்பதும் குப்பை.

அத்தான் அவ்வப்போது எட்டிப்பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஜாமீன் கேட்டார்.

"இது பாக்க லட்சணமா இருக்கேம்மா."

"லட்சணமாத்தான் இருக்கு. உள்ள ஒரு ஆளு இல்ல. ஜவுளிக்கடை பொம்மை மாதிரி."

"கொஞ்சம் இருந்துட்டுப் போகட்டும். ஒரேயடியா எடுத்தா இன்னும் கீழ போயிடுவோம்."

"எட்டாம் பக்கத்துக்குக் கீழ என்ன இருக்கு? பாதாளமா?"

மூன்றாம் நாள் அவள் கண் எரிந்தது. கீழே பசை காய்ச்சும் வாசனை மாடி ஏறி வந்து தலைவலியாக உட்கார்ந்தது. இப்போது அவள் பக்கங்களைப் படிக்கவில்லை, பார்த்தாள். பளிச்சென்று திறந்தால் ஒரு கணம் நின்றாள். அசிங்கமாக இருந்தால் மூடினாள். எண்ணூற்றாறாவது வரிசையைத் திறந்தபோது கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து கண்ணில் குத்தியது. தலைப்பு இல்லை, படம் இல்லை, மேலிருந்து கீழ் வரை இணைப்பு, இணைப்பு, இணைப்பு. நல்ல தளம் நூறு பேரை வரிசையாகக் கைகாட்டாது என்று அவள் எங்கோ படித்திருந்தாள். இரண்டு விநாடி. குப்பை.

மறுபரிசீலனைக்கு எழுதும் முன் குப்பைத் தளக்காரர்களிடம் இணைப்பை எடுக்கச் சொல்லிக் கடிதம் அனுப்பியாக வேண்டும். முயன்றோம் என்று காட்ட வேண்டும். அதுதான் நடைமுறை. இளையவள் ஒரு கடிதம் எழுதினாள். ஆறு மாதக் கோபமும் அதில் இறங்கியது. "உங்கள் தளம் குப்பை. குப்பையில் எங்கள் பெயர் கிடப்பதை நாங்கள் விரும்பவில்லை. காசுக்கோ கெஞ்சலுக்கோ வைக்கிற இணைப்பு இணைப்பே அல்ல. உடனே எடுத்துவிடவும்."

அத்தான் படித்துவிட்டுத் தாடையைச் சொறிந்தார். "கொஞ்சம் மரியாதையா எழுதலாமே."

"குப்பைக்கு என்ன அத்தான் மரியாதை?"

ஒரே அழுத்தில் தொள்ளாயிரத்துச் சொச்சம் பேருக்குக் கடிதம் போனது. அவள் எழுந்து ஜன்னலைத் திறந்துவைத்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு மூச்சு முழுதாக உள்ளே போய் வந்தது.

பதில்கள் அதிகம் வரவில்லை. சிலர் எடுப்பதற்குக் கட்டணம் கேட்டார்கள். ஒருவர் மட்டும் "எடுத்துவிட்டேன்" என்று ஒரே சொல்லில் எழுதியிருந்தார். இளையவள் எண்ணூற்றாறாவது வரிசைக்குப் பச்சை நிறம் பூசினாள். பதில் சொல்லாதவர்களையெல்லாம் ஒரு கோப்பில் போட்டு, இவர்கள் எங்களைக் காட்டுவதைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்று தேடுபொறிக்குக் கொடுத்து, மறுபரிசீலனைக்கும் எழுதினாள். பன்னிரண்டாம் நாள் அறிவிப்பு நீங்கிவிட்டது. அத்தான் தையல்காரர்களுக்கெல்லாம் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் பட்டறை முதல் பக்கத்துக்குத் திரும்பவில்லை. ஐந்தாம் பக்கத்தில் வந்து நின்றுகொண்டது. அதைவிட விசித்திரம், போன் நின்றுபோனது. எட்டாம் பக்கத்தில் கிடந்த காலத்தில்கூட வாரம் மூன்று நான்கு பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது ஒருவர் இல்லை. அக்கா பசைக் குப்பிகளை மூடி வைத்தாள். கத்திரிக்கோலை எடுத்து, அடியிலிருந்த கடிதத்தை நேராக்கி, மறுபடி கத்திரிக்கோலை வைத்தாள்.

முதல் தேதிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒருவர் கூப்பிட்டார். பழைய வாடிக்கையாளர், தபால்காரம்மா.

"கடையை மூடிட்டீங்களா?"

"இல்லையே. ஏங்க?"

"பட்டியல்ல உங்க பேரைக் காணோமே. என் தங்கச்சி பையனுக்கு அனுப்பலாம்னு பாத்தேன். எடுத்துட்டேன்னு எழுதியிருக்கார்."

"எந்தப் பட்டியல்?"

"எந்தப் பட்டியலா? நாங்கள்லாம் அதைப் பாத்துத்தானம்மா உங்ககிட்ட வந்தோம்."

போனை வைத்ததும் இளையவள் செய்ததை அவள் மூன்று வாரத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டும். தளத்துக்கு யார் எங்கிருந்து வந்தார்கள் என்ற பதிவைத் திறந்தாள். அத்தான் வாங்கிய இணைப்புகள் அத்தனையும் சேர்ந்து ஆறு மாதத்தில் கொண்டுவந்தவர்கள் நான்கு பேர். அதில் இரண்டு பேர், வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார்த்த அத்தான். கடைசியில் காலணி செய்துகொண்டவர்களில் பாதிக்கும் மேல் ஒரே இடத்திலிருந்து வந்திருந்தார்கள். எண்ணூற்றாறாவது வரிசை.

அவள் அந்தக் கறுப்புப் பக்கத்தை மறுபடி திறந்தாள். இம்முறை படித்தாள். முதல் வரியே இப்படி இருந்தது: "நிறம் கண்ணைக் குத்தினால் மன்னிக்கவும். என் மனைவிக்கு அரைப் பார்வை. அவள் படித்துச் சரிபார்க்க இந்த நிறம்தான் வசதி." அதன் கீழே, கால்கள் சமமில்லாதவர்களுக்கு வேண்டியதெல்லாம் இருந்தது. பேன்ட்டின் ஒரு காலை மட்டும் சுருக்கித் தரும் தையல்காரர்கள். கைப்பிடி இல்லாத படிக்கட்டுகள் உள்ள அலுவலகங்கள். எந்தப் பேருந்தின் படி தாழ்வு. ஒவ்வொன்றுக்கும் அவர் கைப்பட ஒரு வரி. நடுவில் ஓரிடத்தில்: "இங்கே ஒரு காலணிப் பட்டறை இருந்தது. அவர்கள் கேட்டுக்கொண்டபடி எடுத்துவிட்டேன்."

எழுதியவர் யாரென்று கடைசியில் ஒரு வரி சொன்னது. லிஃப்ட் பழுதுபார்ப்பவர். ஒரு கால் முப்பத்து நான்கு மில்லிமீட்டர் குட்டை.

இளையவள் படியிறங்கி அக்காவிடம் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை; கடிதத்தை வரிவரியாகவே சொன்னாள். அக்கா கையிலிருந்த தோலைக் கீழே வைத்தாள். எழுந்து, சுவர் முழுக்க அடுக்கியிருந்த கால் அச்சுகளில் ஒன்றைத் தேடாமலே எடுத்து மேஜையில் வைத்தாள்.

"முப்பத்து நாலு. இடது. இதானே?"

"அக்கா..."

"பதினோரு வருஷமா இந்தக் காலைப் பிடிச்சிருக்கேன். லிஃப்ட் கெட்டுப்போனா எல்லாரும் படியில நிக்கறப்போ படியேறிப் போறவர் இவர்தான். எனக்குப் பேரெல்லாம் ஞாபகம் இருக்காது. உனக்குத் தெரியும். காலு ஞாபகம் இருக்கும்." அக்காவின் குரல் உயரவேயில்லை. "நீ அவரைப் போய்க் குப்பைன்னு எழுதியிருக்க."

"எனக்குத் தெரியாதுக்கா."

"படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

வாசலில் நின்ற அத்தான் தொண்டையைக் கனைத்தார். மூன்று வாரமாக வாங்கிக் கட்டிக்கொண்டவர்; இந்த வாய்ப்பை விடுவாரா. "நான் குப்பையை உள்ள கொண்டு வந்தேன். ஒத்துக்கறேன். இவ பெருக்கறேன்னு அடுப்பையே தூக்கி வெளிய போட்டுட்டா."

"நீங்க பேசாதீங்க," என்று சகோதரிகள் இருவரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவள் கறுப்புப் பக்கத்தின் அடியில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டாள். பின்னால் இரும்பு உரசும் சத்தத்தோடு ஒரு குரல் வந்தது.

"யாருங்க?"

"காலணிப் பட்டறையிலேர்ந்து பேசறேன் சார்."

"எடுத்துட்டேனேம்மா. இன்னும் என்ன எடுக்கணும்?"

"அந்தக் கடிதம் தப்பா வந்துடுச்சு சார்."

"தானா வந்துச்சா?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நான்தான் அனுப்பினேன்."

"எத்தனை பேருக்கு?"

"தொள்ளாயிரத்துச் சொச்சம்."

"பெரிய வேலைதான். குப்பைன்னு சொன்னீங்க, சொல்லிக்கங்க. என் பக்கம் அழகா இல்லைன்னு எனக்கே தெரியும். ஆனா படிச்சுட்டுச் சொல்லுங்க. நான் உங்க பக்கத்தை முழுசா படிச்சுட்டுத்தான் பட்டியல்ல போட்டேன். அந்தத் தாள், பென்சில் விஷயத்தை. நாலு தடவை."

"சார், அந்த லிங்கை மறுபடி ஒரு தடவை..."

"கெஞ்சலுக்கு வைக்கிற இணைப்பு இணைப்பே அல்ல. உங்க கடிதம், மூணாவது வரி. நல்லாத்தான் எழுதியிருக்கீங்க." போன் வைக்கப்பட்டது.

அவளுக்கு அவர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மேஜையைக் குத்தினாள். கை வலித்தது. அவர் சொன்னதில் பிசகு ஒன்றும் இல்லை என்பதால் ஆத்திரம் போக இடமில்லாமல் அறைக்குள்ளேயே சுற்றிச்சுற்றி வந்தது. கடைசியில் உட்கார்ந்து, அந்தக் கறுப்புப் பக்கத்தை மேலிருந்து படிக்கத் தொடங்கினாள். இருநூற்றுப் பதினான்கு இணைப்புகள். இரண்டு நாள் ஆயிற்று. ஒவ்வொன்றையும் திறந்தாள். பதினேழு திறக்கவில்லை, கடைகள் மூடியிருந்தன அல்லது முகவரி மாறியிருந்தது. மாறியவற்றின் புது முகவரியைத் தேடி ஒரு தாளில் எழுதினாள். ஏன் எழுதுகிறோம் என்று யோசிக்கவில்லை. கை சும்மா இருந்தால் மறுபடி மேஜையைக் குத்தும்போலிருந்தது.

"வியாழக்கிழமை அவர் அடி மாத்த வர்றார்," என்றாள் அக்கா. "நீ கீழ வராத. லிங்க், கிங்க்னு ஒரு வார்த்தை யாரும் பேசக் கூடாது. அவர் காலணிக்கு வர்றார்."

வியாழக்கிழமை அவர் வந்தார். எண்ணெய்க் கறை படிந்த நீலச் சட்டை, இடுப்பில் கருவிப் பை. காலணியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். அக்கா கீழே உட்கார்ந்து பாதத்தைக் கையில் ஏந்திப் பார்த்தாள். இருவரும் அடித்தோல் தேய்ந்திருக்கும் விதத்தைப் பற்றி மட்டுமே பேசினார்கள். அக்கா மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் குறை சொல்லவில்லை. படியில் ஒளிந்து நின்ற இளையவளுக்கு அந்த மௌனம் தாங்கவில்லை. தடதடவென்று இறங்கி வந்து தாளை நீட்டினாள்.

"உங்க பட்டியல்ல பதினேழு செத்துப் போயிருக்கு. பதினொண்ணுக்குப் புது முகவரி இதுல இருக்கு. படிச்சுட்டுத்தான் சொல்றேன்."

அக்கா நிமிர்ந்து பார்த்த பார்வையில் பசை காய்ந்துவிடும். லிஃப்ட்காரர் தாளை வாங்கி, தூரத்தில் பிடித்துப் படித்தார்.

"பேன்ட் தைக்கறவர் கடை மாத்திட்டாரா?"

"ரெண்டு தெரு தள்ளி. முன்னாடி மூணு படி இருக்கு, கைப்பிடி இருக்கான்னு தெரியல."

"ம்," என்றார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். புது அடி போட்ட காலணியில் நாலடி நடந்து பார்த்துவிட்டுப் போனார்.

அத்தான் முகமெல்லாம் மலர்ந்தது. "அடேயப்பா. இது பெரிய டெக்னிக்மா. உடைஞ்ச லிங்கைக் காட்டிக் கொடுத்து நம்ம லிங்க்கை வாங்கறது. நான் வீடியோவுல பாத்திருக்கேன்."

"அத்தான், இன்னொரு தடவை டெக்னிக்னு சொன்னீங்கன்னா அந்தக் கால் அச்சு உங்க மேல வரும்."

அப்படித்தான் லிஃப்ட்காரரும் நினைத்திருப்பாரோ என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. அந்த எண்ணம் ஒரு வாரம் அவளைத் தின்றது. கறுப்புப் பக்கம் மாறவே இல்லை. அக்கா ஒரு பேனாவையும் கடிதத்தின் பக்கத்தில் வைத்தாள்.

முதல் தேதிக்கு முந்தின நாள் காலையில் அத்தான் மாடிப்படியிலிருந்தே கூப்பிட்டார். "மாத்திட்டாரும்மா. வந்து பாரு." குரலில் சிரிப்பை அடக்கும் தினுசு இருந்தது.

பன்னிரண்டு வரிகள் மாறியிருந்தன. பதினோராவது வரையில் அவள் எழுதிக் கொடுத்தபடி. கைப்பிடி உண்டு என்ற குறிப்பை அவரே போய்ப் பார்த்துச் சேர்த்திருந்தார். பன்னிரண்டாவது இது: "காலணிப் பட்டறை. காலணி பிரமாதமாகச் செய்வார்கள். அளவெடுக்கும் பக்கத்தைப் படித்துவிட்டுக் கூப்பிடுங்கள். கடிதம் எழுத மட்டும் தெரியாது. மாடியில் இருக்கும் பெண்ணிடம் பேச்சுக் கொடுக்க வேண்டாம், அக்காவிடம் பேசுங்கள்."

இளையவளின் காது மடல் சிவந்தது. "அந்தக் கடைசி ரெண்டு வரியை எடுக்கச் சொல்லி..." என்று கணினிப் பக்கம் திரும்பியவள், கடிதம் என்ற சொல்லிலேயே நின்றாள்.

"சொல்லேன்," என்றார் அத்தான். "எழுது. உன் கடிதம் நல்லா வேலை செய்யும்."

அவள் அவரை முறைத்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. எடுத்தாள்.

"வணக்கங்க, காலணி செய்யற இடம்தானே?" என்றது ஒரு கிழட்டுக் குரல். "நீங்க மாடியில இருக்கற பொண்ணா?"

"ஆமா," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"அப்ப அக்காகிட்ட கொடுங்கம்மா."

போனைக் கையில் இறுக்கிக்கொண்டு, படி ஒவ்வொன்றையும் மிதித்து உதைத்து அவள் இறங்கினாள். தையல்காரர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அக்கா போனை வாங்கித் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். "சொல்லுங்க. எந்தக் கால்? எவ்வளவு வித்தியாசம்னு டாக்டர் சொன்னாங்க?" என்றபடி எழுதுவதற்குத் தாள் தேடிக் கையைத் துழாவினாள். கத்திரிக்கோலை நகர்த்தினாள். கம்பெனிக் கடிதத்தை எடுத்துக் கவிழ்த்துப் போட்டாள். அதன் வெள்ளைப் பின்புறத்தில், பேனாவால், வலது, இருபத்தொன்று என்று எழுதினாள்.